பூசினால் உள்ளே போகுமா?

கேள்வி: முத்தியால்பேட்டை வாசகர், ஜூன் 2, மாலை

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் டாக்டர் ஜெல் எழுதிக்கொடுத்தார். "தோல் என்ன சல்லடையா? பூசுவதெல்லாம் மேலேயே காய்ந்துவிடும், காசுக்குப் பிடித்த கேடு" என்கிறார் என் மைத்துனர். அப்படியானால் அப்பாவுக்கு நெஞ்சில் ஒட்டிய பேட்ச் மட்டும் எப்படி வேலை செய்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

மைத்துனர் பாதி சரி. தோல் சல்லடை அல்ல, சுவர்தான். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டத் தெரிந்த மருந்துகள் சில உண்டு. உங்கள் அம்மாவின் ஜெல்லில் இருக்கும் டைக்ளோஃபினாக் அவற்றில் ஒன்று.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். உள்ளே போகவே முடியாத பொருளுக்குப் பணத்தைக் கொட்டுகிறவரும், நன்றாக உள்ளே போகிற பொருளை "வெளியே பூசுவதுதானே" என்று அலட்சியமாகக் கேட்கிறவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இருவருக்கும் பில் போடுகிறவன் நான். அந்த "வெளியே பூசுவதுதானே" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இந்த இழையில் அந்த எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவர் என்றேன். தோலின் மேலே செத்த செல்கள் 15, 20 வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு படலம் இருக்கிறது. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் மொத்தத் தடிமனே 10 முதல் 20 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நம் உடம்புக்கும் வெளியுலகுக்கும் நடுவே உண்மையான தடை இந்த மெல்லிய படலம் மட்டுமே. செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் கலந்த கொழுப்புச் சாந்து என்று தோல் ஆராய்ச்சிக்காரர்களே விளக்குவார்கள். மருந்து பெரும்பாலும் அந்தச் சாந்தின் வழியாக வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும். அதற்கு முதலில் உருவம் சிறியதாக இருக்க வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த போஸ், மைனார்டி என்ற இருவர் 2000-இல் இதற்கு ஓர் எல்லை சொன்னார்கள்: மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு) மேல் போனால் தோல் வழியே நுழைவது கடினம். நிக்கோட்டின் 162, நைட்ரோகிளிசரின் 227, டைக்ளோஃபினாக் 296, ஃபென்டனில் 336. இன்சுலின் ஏறக்குறைய 5,800. "கொலாஜன் கிரீம்" என்று விற்கிறார்களே, அந்தக் கொலாஜன் சுமார் 3 லட்சம்.

அப்பாவுக்கு ஒட்டிய பேட்ச் அநேகமாக நைட்ரோகிளிசரினாக இருக்கும். அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இப்போது கடை அடைக்கும் நேரம்.

ஜூன் 3, காலை

ஜெல் கதையை முடித்துவிடுகிறேன்.

"பூசினோம், கேட்கவில்லை" என்று வருகிறவர்களிடம் எவ்வளவு பூசினீர்கள் என்று கேட்பேன். சுண்டைக்காய் அளவு காட்டுவார்கள். அமெரிக்காவில் அனுமதி பெற்ற 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கு ஒரு முழங்காலுக்கான அளவு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளுக்கு நான்கு வேளை. கணக்குப் போட்டால் நம் ஊர் 30 கிராம் டியூப் இரண்டு நாளுக்கு வராது. நம் வீடுகளில் அதே டியூப் ஒரு மாதம் ஓடும், கடைசியில் அடியைச் சுருட்டி வழித்து எடுப்பார்கள். உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு என்பதை எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள், ஏனென்றால் நம் ஊர் ஜெல்களின் கலவை வேறு. ஆனால் சுண்டைக்காயை வைத்துக்கொண்டு ஜெல்லைக் குறை சொல்வது நியாயமில்லை.

அந்த முழு அளவில் பூசினாலும் இரத்தத்தில் சேர்வது, 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை விழுங்கும்போது சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். மைத்துனர் இதைப் படித்தால் "பார்த்தாயா, 94 சதவீதம் வீண்" என்பார். வீண் இல்லை. வயிறும் சிறுநீரகமும் தப்பிப்பது அந்தக் குறைவால்தான். மூட்டுக்கு வேண்டியது மூட்டைச் சுற்றியுள்ள திசுவில் இறங்குகிறது. முழங்கால், கைவிரல் மூட்டுகள் தோலுக்கு அருகில் இருப்பதால் பலன் தெரியும். இடுப்பு மூட்டு சதைக்கு அடியில் ஆழத்தில் கிடக்கிறது, அங்கே ஜெல்லை நம்பிப் பயனில்லை.

ஜெல்லும் பூசி, "எதற்கும் இருக்கட்டும்" என்று அதே மருந்தை மாத்திரையாகவும் விழுங்குகிறவர்கள் உண்டு. அப்புறம் வயிறு எரிகிறது என்று ஜெல்லின் மேல் பழி.

ஜூன் 3, மதியம்

மேலே 500 என்று எழுதியதை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "சர்க்கரையின் எடை 342 என்று மகனின் புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் தோல் வழியே ஏறுமா?"

ஏறாது. ஏறுமானால் ஸ்வீட் ஸ்டாலில் பாகு கிளறுகிற மாஸ்டர்கள் அத்தனை பேரும் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். சின்ன உருவம் மட்டும் போதாது. சாந்து கொழுப்பால் ஆனது, எனவே கொழுப்பில் கரையும் பொருளுக்குத்தான் அது வழிவிடும். ஒரேயடியாகக் கொழுப்பிலேயே கரைகிற பொருளாக இருந்தால் மேலடுக்கிலேயே தங்கிவிடும், ஏனென்றால் கீழே இருக்கும் உயிருள்ள தோல் நீர்ப்பசை உடையது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற பொருள்தான் உள்ளே வரும். மூன்றாவதாக, சின்ன அளவிலேயே வேலை செய்கிற வீரியம் வேண்டும். ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் போதும் என்கிற மருந்தைப் பேட்ச் ஆக்கலாம். கிராம் கணக்கில் வேண்டிய பாராசிட்டமாலைப் பேட்ச் ஆக்கினால் போர்வை அளவுக்கு ஒட்ட வேண்டியிருக்கும்.

இத்தனை நிபந்தனைகளையும் தாண்டி வருகிற மருந்துகள் கொஞ்சம்தான். அதனால்தான் முதல் பேட்ச் அமெரிக்காவில் 1979-இல் அனுமதி பெற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆன பிறகும் கடை அலமாரியில் பேட்ச் வரிசை இவ்வளவு சின்னதாக இருக்கிறது.

ஜூன் 3, இரவு

"எரிச்சலும் குளிர்ச்சியும் தெரிகிறதே, அதுதானே மருந்து இறங்குவதற்கு அடையாளம்?" இல்லை. நம் ஊர் ஜெல்களில் டைக்ளோஃபினாக்கோடு மென்தாலும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்திருப்பார்கள். மணமும் சுரீர் என்ற உணர்வும் அவை தருவது. குளிரை உணரும் நரம்பு வாங்கியை (ரிசெப்டர்) மென்தால் தட்டி எழுப்புகிறது, தோலின் வெப்பநிலை இறங்குவதில்லை. மிளகாயின் கேப்சைசின் இதேபோல் சூட்டை உணரும் வாங்கியை ஏமாற்றுகிறது. அந்த வாங்கியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் நறுக்கிய கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. கேப்சைசின் நீரில் கரையாது. முதலில் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

மெத்தில் சாலிசிலேட் விளையாட்டுப் பொருள் அல்ல. ஆஸ்பிரினின் நெருங்கிய உறவுக்காரன் அது, தோல் வழியே நன்றாகவே ஏறும். சுத்தமான அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சரக்கு இருக்கிறது, குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இந்தத் தைலங்களை முதுகு முழுக்கத் தேய்த்துக்கொண்டு இரத்தக் கசிவில் போய் நின்றதெல்லாம் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. வார்ஃபரின் வாங்க வருகிறவரிடம் "தைலம் ஏதாவது பூசுகிறீர்களா" என்று கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஜூன் 5

நெஞ்சில் ஒட்டும் பேட்ச்.

நைட்ரோகிளிசரின் வெடிமருந்து என்பது பலருக்குத் தெரியும். டைனமைட் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் திங்கட்கிழமைகளில் மண்டை பிளக்கும். கையிலும் மூச்சிலும் ஏறிய மருந்து இரத்தக் குழாய்களை விரித்ததால் வந்த தலைவலி அது. இரண்டொரு நாளில் உடம்பு பழகிவிடும், தலைவலி போய்விடும். ஞாயிறு விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும், திங்கள் மறுபடியும் ஆரம்பம். பழக்கம் விடாமல் இருக்கச் சிலர் தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனதாகவும் சொல்வார்கள். லண்டனில் வில்லியம் முரல் 1879-இல் இதே பொருளை நெஞ்சுவலிக்குக் கொடுத்து எழுதினார். தோல் வழியே மருந்து ஏறும் என்பதற்கு, யாரும் கேட்காமலேயே நடந்த சோதனை அந்த ஆலைகள்.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தத் திங்கட்கிழமைக் கணக்குதான் பேட்சின் சீட்டிலும் இருக்கிறது. காலையில் ஒட்டு, இரவில் எடு, 10 முதல் 12 மணி நேரம் இடைவெளி விடு. உடம்பு பழகிவிட்டால் மருந்து வேலை செய்யாது என்பதால் வேண்டுமென்றே விடுகிற ஓய்வு அது. "விலை கொடுத்து வாங்கியது, இரவில் எதற்குப் பிய்த்துப் போட வேண்டும்" என்று 24 மணி நேரமும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் என் வாடிக்கையாளர். டாக்டர் சொன்னதைவிடச் சிக்கனம் சொன்னது அவருக்குப் பெரிதாகப்பட்டது. டைனமைட் கதையைச் சொன்ன பிறகுதான் கேட்டார்.

ஜூன் 6, அதிகாலை

தூக்கம் வரவில்லை. பேட்ச் என்றதும் மாமனார் நினைவு.

புற்றுநோய் வலிக்கு அவருக்கு ஃபென்டனில் பேட்ச் போட்டார்கள். 72 மணி நேரத்துக்கு ஒன்று. வலித் தணிப்புப் பிரிவுச் செவிலியர் முதல் பேட்சை ஒட்டிய விதத்தை இன்றும் என்னால் அப்படியே சொல்ல முடியும். காறை எலும்புக்குக் கீழே மயிரைக் கத்தரியால் ஒட்ட வெட்டினார், சவரம் செய்யவில்லை. சவரக்கத்தி பட்டால் மேலடுக்கு சிராய்ந்துபோகும், சுவரில் ஓட்டை விழுந்த கணக்கு. சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, பின்தாளைப் பாதி உரித்து ஒட்டி, மீதியை உரித்து, உள்ளங்கையை வைத்து 30 வினாடி அழுத்திப் பிடித்தார். விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு முறை நீவினார். தேதியையும் நேரத்தையும் எங்களை நோட்டில் எழுதச் சொன்னார்.

அன்று இரவு வலி குறையவே இல்லை. மைத்துனன் (எல்லார் வீட்டிலும் ஒருவர் இருப்பார் போலிருக்கிறது) "இன்னொன்று ஒட்டிவிடலாம் மாமா" என்று அட்டைப் பெட்டியைத் திறந்துவிட்டான். நான் கையைப் பிடித்தேன். விழுங்கும் மாத்திரை அரை மணியில், ஒரு மணியில் தெரியும். பேட்ச் அப்படி இல்லை. மருந்து முதலில் தோலுக்கு அடியில் தேங்க வேண்டும், அந்தத் தேக்கத்திலிருந்து இரத்தத்துக்குப் போக வேண்டும். ஃபென்டனில் முழு அளவை எட்ட 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை வலிக்கு வேறு மருந்து கொடுத்திருந்தார்கள், அதை ஒழுங்காகக் கொடுத்தாலே போதும். இரண்டாவதை ஒட்டியிருந்தால் மறுநாள் இரண்டும் சேர்ந்து ஏறி மூச்சை அடக்கியிருக்கும். பிய்த்துப் போட்டாலும் உடனே இறங்காது. தேங்கியது தேங்கியதுதான், இரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும்.

இன்னொன்று வெந்நீர்ப் பை. மார்கழிக் குளிருக்கு மாமியார் அன்பாகக் கொண்டுவந்து நெஞ்சருகில் வைத்தார். சூடு பட்டால் தோலின் இரத்த ஓட்டம் கூடும், மருந்து வேகமாக ஏறும். காய்ச்சல் வந்தாலும் இதே கதைதான். மாமியாருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பை ஆறிவிட்டது.

மூன்று நாள் முடிந்து எடுத்த பேட்சில் பாதிக்கு மேலும்கூட மருந்து மிஞ்சியிருக்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் அதுதான் பெரிய பயம். எடுத்து ஒட்டிக்கொண்டோ வாயில் வைத்தோ வெளிநாடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, கைக்கு எட்டாத இடத்தில் வைத்து மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்தோம்.

மாமனாரின் கடைசி மாதங்கள் வலியில்லாமல் போனது அந்தத் தீப்பெட்டி அளவுப் பட்டையால்தான். அதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 6, மாலை

காலையில் எழுதியது கனமாகிவிட்டது. இதோ ஒரு லேசான கதை.

புதுச்சேரியில் பாதி வீடுகளுக்குப் பாரிஸில் ஒரு சித்தப்பா இருப்பார். அப்படி ஒரு சித்தப்பா அனுப்பிய, காதுக்குப் பின்னால் ஒட்டும் குமட்டல் பேட்சை என் நண்பர் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போகும்போது ஒட்டிக்கொண்டார். பயணமும் சுமார் மூன்று நாள், பேட்சும் மூன்று நாள், பொருத்தம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து கிடக்கிறது! பக்கவாதம் என்று அலறிக் கப்பல் டாக்டரை எழுப்பிவிட்டார். பேட்சைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கியிருக்கிறார், அவ்வளவுதான். அதிலுள்ள ஸ்கோபோலமின் பாப்பாவை விரிக்கும். ஒட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று அட்டையில் இருந்திருக்கும், பிரெஞ்சில்.

நான் முதல் பேட்ச் 1979 என்று எழுதியது இதே ஸ்கோபோலமின் பேட்சைத்தான். இந்த ஸ்கோபோலமின் நம் வேலியோர ஊமத்தையில் நிறைய இருக்கிறது. வீக்கத்துக்கு ஊமத்தை இலையை வதக்கிக் கட்டுவது என் பாட்டியின் வைத்தியம். பேட்சில் மூன்று நாளைக்கு மொத்தம் 1 மில்லிகிராம் என்று அளந்து விடுகிறார்கள், இலையில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சின்னப் பிள்ளைகளுக்கோ, புண் உள்ள தோலிலோ கட்டவே கூடாது.

ஜூன் 7

"அப்படியானால் சித்த வைத்தியத்தின் பற்று, ஒற்றடம் எல்லாம் சும்மாவா?" என்று ஒரு பெரியவர் கோபித்திருக்கிறார்.

ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32, புறமருந்து 32 என்று சரிக்குச் சரி வகுத்திருக்கிறார்கள். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது (ஆவி பிடிப்பது), தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுவது) என்று தோலை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து யோசித்ததே பெரிய விஷயம். சூடாக்கு, எண்ணெயில் குழை, மேலே இலை வைத்து மூடிக் கட்டு என்பவை இன்றைய தோல்வழி மருந்தியலும் சொல்கிற வழிகள்தான். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டும். மூடிக் கட்டினால் வியர்வை வெளியேறாமல் மேலடுக்கு ஊறி, சில மருந்துகள் பத்து மடங்கு வரைகூட ஏறும். ஆனால் ஒவ்வொரு பற்றிலும் எது, எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். சுக்குப் பற்றில் நெற்றிவலி போவதில் சூட்டுக்கும் காரத்துக்கும் எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு பங்கு? போகிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. வீட்டில் நானே போட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 9

இடத்துக்கு இடம் தோல் மாறும் என்பதை எழுதாமல் விட்டால் இந்த இழையே வீண்.

1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் பல இடங்களில் பூசி எவ்வளவு உள்ளே ஏறுகிறது என்று அளந்தார்கள். முன்கையை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, உள்ளங்கை 0.83, நெற்றி 6, தாடை 13, விரைப்பை 42. கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள்.

கடலோரப் புழுக்கத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை வராத ஆள் குறைவு. வெட்கத்தில் டாக்டரிடம் போகாமல் நேரே கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த டியூப்" என்பார்கள். அந்த டியூப் என்பது பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்தது. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு பறந்துவிடும், ஏனென்றால் ஸ்டீராய்டு அரிப்பை அடக்குகிறது. அதே ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் இரட்டிப்பாக வரும், மறுபடியும் டியூப். கடைசியில் தோல் மெலிந்து, சிவந்த கோடுகள் விழும். பிரசவக் கோடுகளைப் போன்ற அவை மறைவதில்லை. முன்கையில் தாங்குகிற மருந்து அந்த இடுக்கில் தாங்காது. மடிப்பும் வியர்வையும் சேர்ந்து இயற்கையாகவே மூடிக் கட்டிய நிலை அங்கே.

2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். நான் கொடுப்பதில்லை. கொடுக்காததால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். மனைவி கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

ஜூன் 9, சற்றுப் பின்

0.14 என்றதும் நினைவு வந்தது. இரவில் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் உடம்பின் நச்சை இழுக்கும், காலையில் பட்டை கறுத்திருக்கும் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு பிரதிநிதி மாதிரி கொடுத்துவிட்டுப் போனார். கல்லாவின் மேல் வைத்துச் செம்புத் தண்ணீரை இரண்டு சொட்டுத் தெளித்தேன். கறுத்தது. என் கல்லாவில் நச்சு இருக்கிறது போலும்.

ஜூன் 12

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், "இதெல்லாம் மருந்துக்கடைக் கதை, எங்களுக்கு என்ன" என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குத்தான் ஐயா அதிகம்.

முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களைப் பாருங்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் கொழுப்பில் கரைகிற சின்ன மூலக்கூறு, 340-ஐ ஒட்டிய எடை. சுவரைத் தாண்டுவதற்கு என்றே செய்தாற்போல் இருக்கிறது. அதனால்தான் விரல் கறுத்து, தோல் வெந்து உரிகிறது. விளக்கெண்ணெய் தடவிக்கொள்வதும் சாம்பல் பூசிக்கொள்வதும் ஓரளவு தடுக்கும். அதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள். முந்திரி எண்ணெய்க்கு ஒவ்வாமை வந்தவர்களுக்கு மாங்காய்ப் பாலும் ஆகாமல் போகலாம், இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்.

அதைவிட மோசம் பூச்சிமருந்து. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். டப்பா மூடி கசிந்து முதுகிலும் இடுப்பிலும் வழிந்து, கைலி நனைந்து, அதே ஈரத்தோடு மதியம் வரை நிற்கிறார். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் தோல் வழியே தாராளமாக ஏறும். வெயில், வியர்வை, நனைந்த துணி மூன்றும் சேர்ந்து ஏற்றத்தைக் கூட்டும். நனைந்த கைலி எந்த இடத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசித்துவிட்டு மேலே அந்த 42-ஐப் பாருங்கள். சாயங்காலம் மயக்கம், வாந்தி, கண் பாப்பா சுருங்கிக்கிடந்தால் "வெயில் பட்டுவிட்டது" என்று இளநீர் கொடுக்கிறார்கள். நனைந்த துணியை உடனே கழற்றி, சோப்பும் தண்ணீருமாக உடம்பைக் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஜூன் 12, இரவு

ஒரு தாய் கேட்டது. கைக்குழந்தைக்குச் சளி, நெஞ்சில் கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் தேய்க்கலாமா?

வேண்டாம் அம்மா. கற்பூரம் தோலிலும் மூச்சிலும் ஏறும், குழந்தைக்கு வலிப்பு வரவழைக்கும். இரண்டு வயதுக்குள் கற்பூரம் கலந்த எதையும் தேய்க்காதீர்கள். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம், குறைமாதக் குழந்தைக்கு மேலடுக்கே சரியாக உருவாகியிருக்காது. பிரான்சில் 1972-இல் ஒரு குழந்தைப் பவுடரில் தவறுதலாக 6 சதவீதம் ஹெக்சாகுளோரோஃபீன் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். வெறும் பவுடர்தான், வெளியே பூசியதுதான்.

ஜூன் 15

இன்சுலின் பேட்ச் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு: ஒட்டினால் தானாக ஊறி இறங்குகிற பேட்ச் வருவது கடினம், 5,800 எங்கே 500 எங்கே. சிலர் புஜத்தில் நாணய அளவில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து "அதுதானே அது" என்கிறீர்கள். அது சர்க்கரையை அளக்கிற கருவி. அடியில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் குத்தி நிற்கிறது. மருந்து எதுவும் அதில் இல்லை.

ஆனால் சுவரில் தொளை போட்டுவிட்டால் எடைக் கணக்கு அடிபட்டுப்போகும். மேலடுக்கை மட்டும் தாண்டுகிற, நரம்பைத் தொடாத நுண்ணூசிகள் பதித்த பட்டையை அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் பிராஸ்னிட்ஸ் குழு 1998-இல் செய்து காட்டியது. காம்பியாவில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசியை இந்த முறையில் சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2024-இல் வெளியானது. ஊசி மூலம் போட்டதைப் போலவே எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

ஜூன் 15, கொஞ்சம் கழித்து

சிவப்பழகுக் களிம்பு பற்றிக் கேட்டவருக்கு: உறை மேல் தயாரித்தவர் முகவரி இல்லாத, ஒரு வாரத்தில் வெளுப்பு தருகிற எதையும் தொடாதீர்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டு அல்லது பாதரசம், இரண்டில் ஒன்று இருக்கும். பாதரசம் தோல் வழியே ஏறிச் சிறுநீரகத்தில் கை வைக்கும். இத்தகைய களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் கசிந்தது கேரளத்து மலப்புரத்தில் கண்டறியப்பட்டு 2023-இல் செய்தியானது. கொலாஜன் கிரீம் பரவாயில்லை. உள்ளே போகாது, தோலை ஈரமாக வைக்கும், பணம் மட்டும்தான் போகும்.

ஜூன் 18

மிச்சக் கேள்விகளுக்கு அவசரமாக.

வியர்வையில் விளிம்பு தூக்கிக்கொள்கிறது என்றால் சுற்றிலும் மருத்துவ டேப் ஒட்டலாம். விழுந்த பேட்சைப் பசை போட்டு மறுபடி ஒட்ட வேண்டாம், புதியதை வேறு இடத்தில் ஒட்டுங்கள். பவுடர், எண்ணெய், பாடி லோஷன் பூசிய இடத்தில் ஒட்டாது. எண்ணெய்க் குளியல் நாளில் பேட்ச் மாற்றும் நேரத்தைக் குளித்துத் துடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்சைப் பாதியாக வெட்டலாமா என்று கேட்டவரே, வெட்டாதீர்கள். சில வகைகளில் மருந்து பைபோல் தேங்கியிருக்கும், வெட்டினால் மொத்தமும் ஒரே நேரத்தில் தோலில் கொட்டும். குறைந்த அளவுப் பேட்ச் தனியாகக் கிடைக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மறதி நோய்க்கு ரிவாஸ்டிக்மின் ஒட்டுகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், புதியதை ஒட்டும் முன் பழையதை எடுத்தீர்களா என்று முதுகையும் சேர்த்துப் பாருங்கள். பழையவற்றை எடுக்காமல் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்து ஆபத்தில் முடிந்தவர்கள் உண்டு.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்கள் நகையைக் கழற்றும்போதே பேட்ச் இருப்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள். சிலவற்றின் முதுகில் அலுமினியத் தகடு இருக்கிறது. ஸ்கேனுக்குள் அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.